ஊரே வாய் மூடியிருக்கும் கதை: தோட்டத்துக் காதல் மர்மம் எழுதும் முறை

அமெரிக்காவில் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் ஊர்களில் நடக்கும் காதல் மர்மக் கதைகளுக்கென்றே பெரிய வாசகர் கூட்டம் உண்டு. அட்டையில் குதிரை வண்டியும் வெள்ளைத் தொப்பி போட்ட பெண்ணும் இருப்பார்கள். உள்ளே கதையைத் தாங்கி நிற்பது ஊரார் எல்லோரும் பிறந்ததிலிருந்து அறிந்த ஒரு கட்டுப்பாடு. காதலர் இருவரைச் சேரவிடாமல் தடுப்பதும் அதுதான், குற்றத்தை மூடி வைப்பதும் அதுதான். இரண்டு வேலையையும் ஒரே கட்டுப்பாடு செய்யும்போது காதலும் மர்மமும் ஒரே கதையாகின்றன. தனித்தனிக் காரணம் வைத்தால் இரண்டு கதைகளை மாற்றி மாற்றிச் சொல்வதாகிவிடும். வாசகர் தமக்குப் பிடித்ததைப் படித்துவிட்டு மற்றதைத் தள்ளிக்கொண்டே போவார்.

மலேசியாவில் சுங்கை சிப்புட், தாப்பா, லாபிஸ் என்று நம் தோட்டப் பட்டணங்களைச் சுற்றி இந்த வகைக் கதைக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. எழுதும் முறையை அடுக்கடுக்காகச் சொல்கிறோம். முதலில் ஆமிஷ் கதை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் எடுத்தால் வண்டியும் தொப்பியும்தான் கைக்கு வரும்.

ஆமிஷ் கட்டுப்பாடு எப்படிக் கதையாகிறது

1693-இல் சுவிட்சர்லாந்து, அல்சாஸ் பகுதியிலிருந்த அனபாப்டிஸ்ட் கிறிஸ்தவர்களிடமிருந்து யாக்கோப் அம்மான் தலைமையில் பிரிந்தவர்கள் ஆமிஷ். பிரிவுக்கு முக்கியக் காரணமே, சபையை மீறியவரை எவ்வளவு கண்டிப்பாக விலக்கி வைப்பது என்ற தகராறுதான். இன்றும் 20 முதல் 40 குடும்பம் சேர்ந்தது ஒரு சபை. அதற்கென்று ஒழுங்கு விதிகள் உண்டு. அவற்றை ஓர்ட்னுங் என்பார்கள். கோயில் கட்டடம் கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, யாராவது ஒருவர் வீட்டில் வழிபாடு. பல இடங்களில் தொலைபேசி வீட்டுக்குள் இருக்காது. வெளியே சின்னக் கொட்டகையில், சில குடும்பங்களுக்குப் பொதுவாக இருக்கும்.

இதில் கதைக்கு உயிர் கொடுப்பது ஞானஸ்நானம். குழந்தைக்குக் கொடுப்பதில்லை, வளர்ந்து, விவரம் தெரிந்து, தானே கேட்டுப் பெறுவது. அதற்கு முன்னே ஊரை விட்டுப் போனவரை யாரும் விலக்கி வைப்பதில்லை. பெற்ற பிறகு போனால்தான் விலக்கு. கல்யாணம் செய்துகொள்ள இருவருமே ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும். ஆக, வெளியாள் ஒருவனை விரும்பும் பெண்ணுக்கு ஞானஸ்நான நாள் ஒரு கெடு. அதற்கு முன் முடிவெடுத்தால் அப்பா அம்மாவோடு ஒரே மேசையில் சாப்பிடலாம். பின்னால் எடுத்தால் முடியாது. 17 வயதுப் பெண் காதலித்ததற்காக ஊரே விலக்கி வைத்தது என்று எழுதுகிறவர்கள் தவறு செய்வதோடு, கையிலிருக்கும் நல்ல கெடுவையும் வீணாக்குகிறார்கள்.

குற்றத்தின் பக்கம் வாருங்கள். ஆமிஷ்காரர் சத்தியப் பிரமாணம் எடுப்பதில்லை, வழக்குப் போடுவதில்லை, அடித்தவரைத் திருப்பி அடிப்பதில்லை. தவறு செய்தவர் சபை முன் ஒப்புக்கொண்டால் மன்னிப்பு. மன்னித்த பிறகு அதைப் பற்றிப் பேசக்கூடாது. நல்ல எண்ணத்தில் வைத்த விதிகள்தாம். ஆனால் ஒரு கொடுமைக்காரன் இவற்றுக்குள் வருடக்கணக்கில் ஒளிந்திருக்க முடியும். சாட்சி இருக்கிறார், பார்த்திருக்கிறார், கெட்டவரும் இல்லை. இருந்தும் பேசமாட்டார். இந்த வகைக் கதையின் சஸ்பென்ஸ் முழுக்க அந்த நல்ல மனிதரின் மௌனத்தில் இருக்கிறது.

நம் தோட்டத்தில் அந்த விதி எது

மதத்தில் தேடினால் கிடைக்காது. வீட்டில் தேடுங்கள். தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரைதான் வீடு. 30 வருடம் மரம் வெட்டினாலும், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தாலும், வேலை போனால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். துரையிடம் கெட்ட பெயர் எடுத்தவர் வேலையோடு வீடு, வாசலில் வைத்த முருங்கை, பிள்ளை நடந்து போகும் தமிழ்ப்பள்ளி எல்லாவற்றையும் இழப்பார். அதனால் வந்த விதிதான் ‘தோட்டத்து விஷயம் தோட்டத்தோட’. அடிதடியா, கோயில் தலைவர் பேசி முடிப்பார். பெண் விவகாரமா, வேலையை மேற்பார்க்கும் மண்டோரும் பெரியவர்களும் உட்கார்ந்து பேசுவார்கள். போலீசுக்குப் போவது கடைசி வழி. போனவரை ஊர் மறக்காது.

இதே விதி காதலையும் தடுக்க வேண்டும். அதற்கு எளிய வழி, காதலர்களில் ஒருவரை லயத்திலும் மற்றவரைத் தோட்ட அலுவலக எழுத்தர்களான கிராணிமார் வீட்டிலும் வைப்பது. இரண்டுக்கும் நடுவில் ஒரு செம்மண் சடக்கும் ஒரு கால்பந்துத் திடலும்தான் இருக்கும். சம்பளம், சாதி, யார் யாருக்கு முன் உட்காரலாம் என்பது எல்லாம் அந்தத் திடலில் நிற்கும். சாதியைச் சொல்லாமல் மழுப்பாதீர்கள். தோட்டத்தில் கல்யாணப் பேச்சு வந்தால் அது வந்தே தீரும். மழுப்பிய எழுத்தைப் பெரியவர்கள் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எந்த வருடம்

எதை எழுதுவதற்கும் முன்னால் வருடத்தை முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து வரும். 1948-ஐ எடுத்தால் ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் அருகே மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கொல்லப்பட்டது, அதைத் தொடர்ந்து 1960 வரை நீடித்த அவசரகாலம், ஊரடங்கு எல்லாம் கதைக்குள் நுழையும். உங்கள் ஒரு குற்றம் அவ்வளவு பெரிய வரலாற்றுக்கு முன் சிறுத்துவிடும். முதல் கதைக்கு இது வேண்டாம். 1960-களில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலம் வலுவானது. அந்த நெருக்கடியில்தான் 1960-இல் அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஆனால் அதில் ஊர் முழுவதுமே வீட்டை இழக்கும் அச்சத்தில் இருக்கும். ஒரு குடும்பத்தின் பயத்தைத் தனியாகக் காட்டுவது கடினம்.

எங்கள் பரிந்துரை 1980-களின் முதல் பாதி. கித்தா என்னும் ரப்பர் மரம் இன்னும் நிற்கிறது, செம்பனை பக்கத்துத் தீம்பாருக்கு வந்துவிட்டது. தொலைபேசி அலுவலகத்திலும் துரை பங்களாவிலும் இருந்தால் போதும். லயத்திலிருந்து ரகசியமாக ஒரு வார்த்தை பேச வழியில்லாமல் போகும். ஆமிஷ் ஊரின் தொலைபேசிக் கொட்டகை செய்யும் வேலையை இது செய்துவிடும்.

பட்டணத்தின் பெயர் உண்மையாக இருக்கட்டும், தோட்டத்தின் பெயரைக் கற்பனையாக வையுங்கள். உண்மைத் தோட்டத்தில் ஒரு மண்டோரைக் குற்றவாளியாக்கினால், அங்கே மண்டோராக இருந்தவரின் பேரப்பிள்ளை அதைப் படிப்பார்.

தடயம் மரத்தில் இருக்கட்டும்

துப்பாக்கி, கைரேகை, ரத்தக்கறை இவற்றை எல்லா ஊர்க் கதையிலும் பார்க்கலாம். தோட்டத்துக் கதையின் தடயம் தோட்டத்து வேலை தெரிந்தவர் மட்டுமே படிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். அப்போதுதான் நாயகி இல்லாமல் மர்மம் அவிழாது, நாயகன் அவளைத் தேடி வந்தே ஆக வேண்டும்.

ஒரு மாதிரிக் கதை. தோட்டத்துக்குப் புதிதாக வந்த இளைய கிராணி, 26 வயது. மரம் வெட்டும் பெண், 22 வயது. பால் வெட்டும் ஒருவர் மார்ச் மாதம் சம்பளம் வாங்கிக்கொண்டு சிங்கப்பூருக்கு ஓடிவிட்டார் என்று ஊர் சொல்கிறது. சம்பளப் பதிவேடான செக்ரோலிலும் மார்ச் வரை அவர் பெயர் இருக்கிறது. உண்மையில் அவர் ஜனவரியிலேயே செத்துப்போனார். இரண்டு மாதம் அவர் பெயரில் இன்னொருவர் சம்பளம் எடுத்தார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவர் பெயருக்கு நேரே வந்ததாகக் குறி போட்டவர் நாயகியின் அப்பா, மண்டோர். வீடு போய்விடும் என்ற மிரட்டலுக்குப் பயந்து போட்ட குறி.

இப்போது செப்டம்பர். எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒருவர் மரம் வெட்டுவது அவருடைய கையெழுத்து மாதிரி. இடது மேலிருந்து வலது கீழாக ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் வெட்டுக்கோடு போகும். ஒவ்வொரு முறையும் உளியால் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையைச் சீவுவார்கள். பால் நிறைய ஓடுவது மரத்தண்டை ஒட்டிய உள்பட்டையில். அதற்காக அதிகம் ஆழமாகப் போனால் பட்டையை வளர்க்கும் மெல்லிய அடுக்கில் காயம் படும். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை வழவழப்பாக வராது, முண்டும் முடிச்சுமாக வரும், வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். வெட்டு மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போவதால் மேலே இருப்பது பழையது, கீழே இருப்பது புதியது. நல்ல கைக்காரரின் நிறையை, அதாவது அவருக்கு ஒதுக்கிய மரங்களை, இடையில் ஒரு கற்றுக்குட்டி எடுத்தால், எந்த இடத்தில் கை மாறியது என்று மரத்தைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கணக்கும் உண்டு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டினால் மாதம் 15 வெட்டு. 15 வெட்டுக்கு 22 அல்லது 23 மில்லிமீட்டர். மார்ச்சில் கை மாறியிருந்தால் ஆறு மாதத்துக்கு 13 சென்டிமீட்டர் சொச்சம் இறங்கியிருக்க வேண்டும். அளந்தால் 18. அது எட்டு மாதக் கணக்கு.

இங்கேதான் பல பேர் சறுக்குவார்கள். மழை நாளில் பட்டை ஈரமாக இருந்தால் பால் கோட்டில் நிற்காமல் தண்டில் வழிந்துவிடும், அன்று வெட்டு இல்லை. வருடத் தொடக்கத்தில் இலை உதிரும்போது பால் குறையும். அப்போது ஓய்வு விடுவதும் உண்டு. பிறகு 18 எப்படிச் சரியாக வரும் என்று விவரம் தெரிந்தவர் கேட்பார். ஆகையால் எண்ணை நிரூபணமாக வைக்காதீர்கள், சந்தேகமாக வையுங்கள். நிரூபணத்துக்கு இன்னொரு நிறையைக் கொண்டுவாருங்கள்: அதே மலைக்காட்டில், அதே நாள் முறையில் வெட்டுவது, பொங்கலுக்கு வேலையை விட்ட ஒரு பாட்டியிடமிருந்து வேறு ஆள் எடுத்தது. இரண்டு நிறைக்கும் ஒரே மழை, ஒரே ஓய்வு. இரண்டிலும் கை மாறிய இடத்திலிருந்து இன்றைய வெட்டு வரை ஒரே நீளம் என்றால், அந்த ஆளும் பொங்கலை ஒட்டியே நின்றுவிட்டார். மார்ச் என்பது பொய்.

இந்தக் காட்சியை அவசரப்படாமல் எழுதுங்கள், இரண்டாயிரம் சொல் போனாலும் பரவாயில்லை. அவள் கையால் தடவுகிறாள், அவன் நூல் பிடித்து அளக்கிறான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மரம். செப்டம்பர் வாக்கில் கித்தாக் காய்கள் வெடிக்கும் காலம். ‘டப்’ என்று எங்கோ வெடிக்கும்போதெல்லாம் யாரோ வருகிறார்கள் என்று இருவரும் நிமிர்வார்கள். அளவு சேரும் அந்த நொடியில், பொய்க்குறி போட்டது தன் அப்பா என்று அவளுக்குப் புரிகிறது. அவனுக்கு இன்னும் புரியவில்லை. இனி அவள் அவனிடம் மறைக்க ஒன்று இருக்கிறது. ஊரின் மௌனம் அவள் வாய்க்குள் வந்துவிட்டது.

காணாமல் போன அன்றைய நாளுக்கும் தடயம் வைக்கலாம். வெட்டிய மரத்தில் பால் இரண்டு மூன்று மணி நேரம் ஓடும். முன்பகலில் திரும்ப வந்து பால் வடியும் கிண்ணமான மங்கிலிருந்து வாளியில் ஊற்றுவார்கள். வெட்டியவர் திரும்பி வராவிட்டால் மங்கிலேயே உறைந்து கட்டிப்பாலாகிவிடும். ஆளுக்கு 500 மரம், மணிக்கு 150 மரம் என்று கொண்டால், 300 மங்கில் பால் உறைந்து, மீதி மரத்துக் கோட்டில் முந்திய வெட்டின் ஒட்டுப்பால் உரிக்காமல் கிடக்கிறது என்பதே போதும்: ஐந்தரைக்குத் தொடங்கியவர் ஏழரைக்கு நின்றுவிட்டார். பக்கத்து நிறைக்காரி அதைப் பார்த்தாள், சொல்லவில்லை.

இன்றைய காலத்தில் கதை நடந்தால் செம்பனைக்கு மாறுங்கள். குலைத் திருட்டு நல்ல குற்றம். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயின் தரம் கெடும், அதனால் திருடனுக்கும் கெடு உண்டு. குலை வாங்கும் வியாபாரிக்கு மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமம் வேண்டும். விற்றால் எடைச்சீட்டு இருக்கும். இரண்டே ஏக்கர் வைத்திருப்பவர் பெயரில் இருபது ஏக்கர் குலைக்குச் சீட்டு இருந்தால் கதை தொடங்கிவிட்டது. பாரகுவாட் களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் தடை. அதற்குப் பிந்தைய கதையில் ஸ்டோரில் அந்தக் கலன் இருந்தால் எப்படி வந்தது என்று சொல்லியாக வேண்டும்.

கெடு: 21 நாள்

ஆமிஷ் கல்யாணத்தைச் சில வாரம் முன்னதாகச் சபையில் அறிவிப்பார்கள். அதுவரை காதல் ரகசியம், அறிவித்த நொடியில் ஊர் முழுக்கத் தெரியும். நம்மிடமும் இதே கருவி இருக்கிறது. 1982 மார்ச் 1 முதல் நடப்பிலுள்ள திருமணச் சட்டப்படி, முஸ்லிம் அல்லாதார் பதிவுத் திருமணத்துக்கு முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். பதிவதிகாரி அதை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுவார். 21 நாள் கழிந்த பிறகே சான்றிதழ். இடையில் ஆட்சேபம் உள்ள யாரும் தடை மனு கொடுக்கலாம். 21 வயது நிரம்பாதவருக்கு அப்பாவின் எழுத்துச் சம்மதம் வேண்டும். நாயகியை 22 ஆக்கியது அதற்காகத்தான். அப்பா கையெழுத்துப் போடமாட்டேன் என்றால் கதை அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும்.

பட்டணத்துக்கு மளிகை வாங்கப் போன ஒருவர் அந்தத் தாளைப் பார்க்கிறார். மறுநாள் பெரட்டில் யாரும் அவளோடு பேசவில்லை. பத்தாம் நாள் ஒரு தடை மனு வருகிறது. கொடுத்தவர் பெயரைப் பார்த்தால் யாருக்கு இந்தக் கல்யாணம் நடக்கக்கூடாது என்பது தெரிகிறது. பிணத்தைக் காட்டாமலே பயத்தைக் கூட்டும் வழி இது.

வார இதழ்த் தொடருக்கு 24 அத்தியாயம், ஒவ்வொன்றும் 1,500 சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் அத்தியாயத்தில் இருவரும் ஸ்டோரில் பால் நிறுக்கும் இடத்தில் சந்திக்க வேண்டும். இரண்டாவதில் செக்ரோலில் உள்ள முரண். முன்னறிவிப்பு எட்டாவதில், தடை மனு பன்னிரண்டில். மரத்தை அளக்கும் காட்சி அதற்கு முன்னே, ஆறு ஏழில். கொன்றவர் யார் என்பது வாசகருக்குப் பதினெட்டில் தெரியட்டும், நாயகிக்கு இருபதில். இந்த இரண்டு அத்தியாய இடைவெளியை விட்டுவிடாதீர்கள். அவள் அந்த ஆளோடு கோயில் வாசலில் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து வாசகர் பதறுவது அங்கேதான். காதல் மட்டும் நகரும் அத்தியாயமோ குற்றம் மட்டும் நகரும் அத்தியாயமோ அடுத்தடுத்து இரண்டு வரக்கூடாது.

பேச்சு

தோட்டத்துக் காதலை முத்தத்தில் அளக்க வேண்டாம். கூப்பிடும் முறையில் அளக்கலாம். முதலில் அவள் ‘கிராணியாரே’ என்பாள். அவன் ‘என்னம்மா’ என்பான். பிறகு ஒரு கட்டத்தில் அவள் எதைச் சொல்லியும் கூப்பிடாமல் பேசத் தொடங்குவாள். கிராணியாரும் போய்விட்டது, பெயரைச் சொல்லவும் வாய் வரவில்லை. அந்த இடைக்காலத்தை நான்கைந்து அத்தியாயம் நீட்டுங்கள். கடைசியில் ‘என்னங்க’ வரும்போது வேறு விளக்கமே தேவைப்படாது.

மறைப்பதும் பேச்சிலேயே தெரிய வேண்டும்.

“பசியாறியாச்சா, கிராணியாரே?”

“ஆச்சும்மா. ஒங்கப்பா பொங்கலன்னிக்கு எங்க இருந்தாரு?”

“அவருக்கு இப்பல்லாம் முட்டி வலி. கோயில் பக்கம்கூட போறதில்ல.”

கேட்டது எங்கே என்று. வந்த பதில் வலியைப் பற்றி. ‘அவள் மழுப்பினாள்’ என்று அடுத்த வரியில் எழுதிவிடாதீர்கள். சடக்கு, பசார், கம்பம், வெள்ளி, மோட்டார் என்று இங்கே புழங்கும் சொற்களை விளக்கம் தராமல் எழுதுங்கள். வரிக்கு வரி ‘லா’ போடுவது மேடை நாடகத்துக்குத்தான் சரி. பக்கத்துக்கு ஒன்று தாராளம்.

கெட்டுப்போகும் இடங்கள்

கெட்டவனை வெளியாளாக்குவது மிகப் பெரிய பிழை. ஆமிஷ் கதைகளில் நகரத்துப் போதைக் கும்பல் வந்து நிற்கும். நம் கதைகளில் வெளிநாட்டுத் தொழிலாளி. இரண்டும் சோம்பேறித்தனம், இரண்டாவது அநியாயமும்கூட. வெளியாள் குற்றவாளி என்றால் ஊர் மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. முதல் நாளே பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். கதையின் விதி சோதனைக்கே வராமல் போய்விடும்.

அடுத்தது, ஊராரை முட்டாளாகவோ கொடியவராகவோ காட்டுவது. மௌனத்துக்கு ஒவ்வொருவருக்கும் தனிக் காரணம் கொடுங்கள். ஒருவருக்கு எஸ்பிஎம் பள்ளித் தேர்வு எழுதப்போகும் மகன், இன்னொருவருக்குத் துரையிடம் வாங்கிய முன்பணம், மற்றொருவருக்குச் செத்தவர் மேல் பழைய கோபம். மூன்று பேருக்குக் காரணம் எழுதினால் போதும், மற்றவர்களை வாசகரே நிரப்பிக்கொள்வார்.

போலீசைக் கொண்டுவந்தால் விதியோடு கொண்டுவாருங்கள். பிடித்தவரை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். அப்பாவைப் பிடித்துக்கொண்டு போன அந்த ஓர் இரவே ஓர் அத்தியாயம்.

முடிவு

இந்த வகையில் காதலர் சேர்ந்தே தீர வேண்டும். வாசகர் அந்த நம்பிக்கையில்தான் பயத்தைத் தாங்குகிறார். கேள்வி, அப்பாவை என்ன செய்வது. 2006 அக்டோபர் 2 அன்று பென்சில்வேனியாவின் நிக்கல் மைன்ஸ் ஆமிஷ் பள்ளியில் ஒருவன் சுட்டு ஐந்து சிறுமிகள் இறந்தார்கள். அவனும் தன்னைச் சுட்டுக்கொண்டான். ஆமிஷ்காரர்கள் அவன் மனைவி வீட்டுக்குப் போய் ஆறுதல் சொன்னார்கள், அவன் அடக்கத்துக்கும் போனார்கள். அதைச் செய்தபோது பிள்ளைகளை இழந்த வலி குறைந்துவிடவில்லை. மன்னிப்பை எழுதும்போது இந்த இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். மகள் அப்பாவுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போகலாம். அதே மகள் நீதிமன்றத்தில் மரத்தின் அளவைச் சொல்லவும் வேண்டும்.

வீட்டை மறக்க வேண்டாம். அப்பா வேலை போனால் அம்மாவும் தம்பியும் எங்கே போவார்கள் என்பதைத் தேதியோடு எழுதுங்கள்: காலி செய்யச் சொன்ன கடிதம், எத்தனை நாள் அவகாசம், பட்டணத்தில் பார்த்த அறைக்கு என்ன வாடகை. காதலர் சேர்ந்துவிட்டார்கள் என்று மகிழும் வாசகர்கூட இதைக் கேட்பார். எழுதி முடித்ததும், மரம் வெட்டும் அத்தியாயங்களை மட்டும் தனியே எடுத்து, மரம் வெட்டிய ஒருவரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர் எந்த வரியில் நிறுத்தச் சொல்கிறாரோ அந்த வரியைத் திருத்திவிட்டுப் பத்திரிகைக்கு அனுப்புங்கள்.